கையில் ஒன்றரை லட்சம், ஏ.சி. வேலை தெரியும்: முதலில் எதில் போடுவது?

#1 மேடவாக்கம்_மெக்கானிக்

எல்லாருக்கும் வணக்கம். ஐ.டி.ஐ.யில் எம்.ஆர்.ஏ.சி. (ஃப்ரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக் படிப்பு) முடித்து, சர்வீஸ் சென்டரில் சில வருடம் ஸ்பிளிட் ஏ.சி. வேலை பார்த்த ஒருவர் சம்பளத்தை விட்டுவிட்டுச் சென்னையில் தனியாக இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 1,50,000 ரூபாய். கடன் கிடையாது. பைக் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் 30,000 கொடுத்தாக வேண்டும்.

அந்தப் பணத்தில் டூல்ஸுக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு? பழைய டாடா ஏஸ் மாதிரி ஒரு வண்டி ஆரம்பத்திலேயே தேவையா? வாட்டர் சர்வீஸுக்கு 500 வாங்குவதா, 700 வாங்குவதா?

"உன்னை நம்பு, ரிஸ்க் எடு" வகை பதில் வேண்டாம். அது யூடியூபில் தாராளமாகக் கிடைக்கிறது.

#2 காப்பர்_பைப்

வண்டி வேண்டாம். சர்வீஸ், ரிப்பேர் வேலைக்கு பைக்கே போதும். இன்ஸ்டாலேஷனுக்கு அவுட்டோர் யூனிட் ஏற்ற வேண்டிய நாளில் மட்டும் ஆப்பில் மினி டிரக் பிடித்துக்கொள்ளலாம், அந்த வாடகையை பில்லில் தனி வரியாகப் போட்டுவிடலாம். சொந்த வண்டி என்றால் இன்ஷூரன்ஸ், எஃப்.சி., டயர் எல்லாம் மழைக்காலத்திலும் காசு கேட்கும். மாதம் பத்துப் பன்னிரண்டு நாள் முழு லோடு ஓடும் நிலை வந்த பிறகு யோசிக்கலாம்.

#3 கணக்குப்பிள்ளை

//500 வாங்குவதா, 700 வாங்குவதா//

தம்பி, உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன செலவாகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பக்கத்துத் தெரு ஆள் வாங்கும் ரேட் அவருடைய கணக்கு. ஒரு தாளை எடுத்து ஒரு வருடச் செலவை எழுதுங்கள். நான் உதாரணமாகப் போடுகிறேன், உங்கள் தொகையை நீங்கள் நிரப்புங்கள்.

வீட்டுக்கு 30,000 வீதம் 3,60,000. பெட்ரோல் மாதம் 4,000 என்றால் 48,000. போன் 6,000. பைக் சர்வீஸ், இன்ஷூரன்ஸ் 12,000. மருத்துவக் காப்பீடு 20,000. டூல்ஸ் 1,20,000 பெறுமானம் வரை சேரும், நான்கு வருடத்தில் தேயும் என்று வைத்தால் வருடத்துக்கு 30,000. பயிற்சிக்கு 12,000. செய்த வேலைக்கே திரும்பப் போய்ச் சரிசெய்யும் செலவு 12,000. மொத்தம் 5,00,000.

இப்போது மணி நேரம். வருடத்தில் 290 நாள் வேலை என்று வையுங்கள். காலை 9 முதல் இரவு 7 வரை ஓடினாலும் பில் போடக்கூடிய நேரம் 4 மணிதான் தேறும். மீதியை டிராஃபிக்கும், பார்ட்ஸ் வாங்கப் போவதும், "கீழே வந்துட்டேன் மேடம், செக்யூரிட்டிகிட்ட சொல்லுங்க"வும் தின்றுவிடும். 290 × 4 = 1,160 மணி. 5,00,000-ஐ அதால் வகுத்தால் 431 ரூபாய்.

அதாவது ஒரு பில் மணிக்கு 431 வந்தால் நீங்கள் சம்பளக்காரர் மாதிரி பிழைக்கலாம், அவ்வளவுதான். லாபம், வேலை இல்லாத வாரம், பெண்டிங் பாக்கி எதுவும் அதில் இல்லை. அதற்கு மேல் 25 சதவீதமாவது சேர்த்தால் சுமார் 540. ஆக, ஒரு மணி நேரம் எடுக்கும் தனி சர்வீஸை 500-க்குச் செய்வது இந்தக் கணக்கில் இடிக்கிறது. ஒரே வீட்டில் மூன்று ஏ.சி. இருந்து, இரண்டரை மணியில் முடிந்தால் யூனிட்டுக்கு 500 தாராளமாகக் கட்டும். ரேட்டை யூனிட்டுக்கு மட்டும் வைக்காமல், முதல் யூனிட் ஒரு விலை, அதே வீட்டில் அடுத்த யூனிட் ஒரு விலை என்று வையுங்கள்.

#4 மேடவாக்கம்_மெக்கானிக்

சார், இப்படி யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் ஏரியாவில் 450-க்குச் செய்ய ஆள் இருக்கிறான். 650 என்றால் போனை வைத்துவிடுவார்கள். அப்போது என்ன செய்வது?

#5 ஓ.எம்.ஆர்_ரூட்

மேலே உள்ள கணக்கில் தொட வேண்டிய எண் 431 இல்லை, அந்த 4 மணி நேரம். அதை 5 ஆக்கிப் பாருங்கள்: 290 × 5 = 1,450 மணி, அடக்கம் 345-க்கு இறங்கிவிடும். ரேட்டைத் தொடாமலே மணிக்கு 86 ரூபாய் மிச்சம்.

எப்படி என்றால் ஏரியாவை நாளோடு கட்டிப்போட வேண்டும். மேடவாக்கத்தில் இருப்பவர் திங்கள், வியாழன் பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர். செவ்வாய், வெள்ளி வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை. புதன், சனி தாம்பரம் பக்கம். "இன்றைக்கே வர முடியுமா" என்று அண்ணா நகரிலிருந்து கூப்பிட்டால் மரியாதையாக விட்டுவிடுங்கள், அல்லது விசிட் சார்ஜ் தனி என்று சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கத்திப்பாரா தாண்டிப் போய் ஒரு சர்வீஸ் செய்வது வேலை இல்லை, ஊர் சுற்றுவது.

இன்னொன்று. முந்தின நாள் இரவே வாடிக்கையாளரிடம் மூன்று போட்டோ கேளுங்கள்: இன்டோர், அவுட்டோர் இருக்கும் இடம், நேம்பிளேட். ஏணி வேண்டுமா, கேபாசிட்டர் எத்தனை மைக்ரோஃபாரட், கேஸ் எது என்று அதிலேயே தெரிந்துவிடும். பார்ட்ஸுக்காக நடுவில் கடைக்கு ஓடுவதுதான் ஒரு நாளில் பாதியைச் சாப்பிடுவது.

450-க்குச் செய்பவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவருக்கும் இதே அடக்கம்தான், எழுதிப் பார்த்திருக்க மாட்டார்.

#6 வேக்குவம்_500

டூல்ஸ் பட்டியல் தருகிறேன். விலை கடைக்குக் கடை, பிராண்டுக்கு பிராண்டு மாறும். இவை ஒதுக்க வேண்டிய தொகை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டூ ஸ்டேஜ் வேக்குவம் பம்ப் 12,000
டிஜிட்டல் மைக்ரான் கேஜ் (வேக்குவத்தை அளப்பது, எண் குறையக் குறைய நல்லது) 10,000
ஆர்-32, ஆர்-410ஏ (ஏ.சி. கேஸ் வகைகள்) தாங்கும் மேனிஃபோல்டு (பிரஷர் கேஜ் செட்), ஹோஸ் 6,000
கேஸ் எடை பார்க்கும் தராசு 5,000
எக்ஸென்ட்ரிக் ஃப்ளேரிங் டூல், கட்டர், டீபர்ரர் 5,000
டார்க் ரெஞ்ச் செட் 6,000
நைட்ரஜன் ரெகுலேட்டர், ஹோஸ், சிலிண்டர் டெபாசிட் 8,000
ட்ரூ ஆர்.எம்.எஸ். கிளாம்ப் மீட்டர் 5,000
ஜெட் பம்ப், வாஷ் பேக் 8,000
ஃபுல் பாடி ஹார்னஸ், கயிறு 3,000

கூட்டினால் 68,000. பயிற்சிக்கு 20,000. வீட்டுக்கு இரண்டு மாதச் செலவு 60,000-ஐத் தொடக் கூடாத கணக்கில் போடுங்கள். மீதி 2,000 சில்லறைச் செலவுக்கு. ஒன்றரை லட்சம் முடிந்தது.

இதில் டிரில், ஸ்பேனர் எல்லாம் சேர்க்கவில்லை, ஏற்கெனவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஆர்-22 காலத்து பழைய கேஜை ஆர்-410ஏ-யில் மாட்டாதீர்கள். ஆர்-410ஏ-யின் பிரஷர் ஆர்-22-ஐவிட ஏறக்குறைய 1.6 மடங்கு, ஆர்-32 அதற்கும் சற்று மேலே. ஹோஸ் வெடித்தால் கையில் ஃப்ராஸ்ட்பைட்.

#7 ரிச்சி_தெரு

மைக்ரான் கேஜ், டார்க் ரெஞ்ச் இரண்டும் காட்சிப் பொருள். சென்னையில் பாதி பேர் 15 நிமிடம் பம்ப் ஓட்டி, கேஜ் முள் மைனஸ் 30-க்குப் போனால் வால்வைத் திறந்துவிடுகிறார்கள். ஏ.சி. ஓடத்தான் செய்கிறது. அந்த 16,000-ஐ பி.சி.பி. (எலக்ட்ரானிக் போர்டு) ரிப்பேர் கற்றுக்கொள்வதில் போட்டால் ஒரு சீசனில் திரும்ப வந்துவிடும்.

#8 வேக்குவம்_500

//ஏ.சி. ஓடத்தான் செய்கிறது//

ஓடும். எத்தனை வருடம் என்பதுதான் கேள்வி.

முள் கேஜில் மைனஸ் 30 அங்குலம் என்பது கோட்டின் கடைசி முனை. அங்கே 5,000 மைக்ரானுக்கும் 500 மைக்ரானுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 5,000 மைக்ரானில் தண்ணீர் கொதிக்க ஒன்றிரண்டு டிகிரி சூடு வேண்டும், 500-இல் மைனஸ் 24 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, பைப் முனையை மூடாமல் ஒரு மதியம் வைத்தாலே உள்ளே போய்விடும். ஆர்-32, ஆர்-410ஏ மெஷின்களில் இருக்கும் பி.ஓ.இ. ஆயில் ஈரத்தை உறிஞ்சும், பிறகு அமிலமாகும், கம்ப்ரஸர் வைண்டிங்கின் இன்சுலேஷனைத் தின்னும். இன்ஸ்டால் செய்தவர் மேல் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், "வோல்டேஜ் பிரச்சினை" என்று போய்விடும்.

வேலை செய்யும் வரிசை:

1. பைப் முனையை விரித்து ஃப்ளேர் போட்டு, சீட்டில் ஒரு சொட்டு அதே ஆயில் தடவி, டார்க் ரெஞ்சில் முடுக்குங்கள். கால் அங்குல நட்டுக்கு 14 முதல் 17 நியூட்டன் மீட்டர், 3/8 அங்குலத்துக்கு 33 முதல் 40, அரை அங்குலத்துக்கு 50 முதல் 60. கம்பெனி கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம். கை வலுவில் முடுக்கினால் ஃப்ளேர் மெலிந்து, ஆறு மாதம் கழித்து விரியும்.

2. நைட்ரஜன் சுமார் 400 பி.எஸ்.ஐ. ஏற்றி, சோப்பு நீர் போட்டுப் பார்த்து, குறைந்தது அரை மணி விடுங்கள். வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் இறங்கி 5 டிகிரி குறைந்தால் லீக் இல்லாமலே 7 பி.எஸ்.ஐ. வரை இறங்கும். அதைப் பார்த்து பயந்து எல்லா நட்டையும் மறுபடி முடுக்குபவர்கள் உண்டு. ஆக்ஸிஜன் சிலிண்டரை இந்த வேலைக்கு எந்தக் காலத்திலும் தொடாதீர்கள். ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

3. சர்வீஸ் வால்வுக்குள் இருக்கும் சிறு பின்னை (வால்வு கோர்) எடுத்துவிட்டு, பெரிய ஹோஸில் வேக்குவம். மைக்ரான் கேஜை பம்ப் பக்கம் மாட்டினால் பம்பின் வேக்குவத்தைத்தான் காட்டும், மெஷின் பக்கம் மாட்டுங்கள். 500-க்குக் கீழே போனதும் பம்பை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். ஏறி 1,500 மாதிரி ஓர் இடத்தில் நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேறு கருவி கிடையாது.

4. பம்ப் ஆயில் பால் மாதிரி வெளுத்தால் மாற்றுங்கள். "பம்ப் 2,000-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது" என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை ஆயில்தான்.

5. கேஸ் எடை போட்டு மட்டும். ஆர்-410ஏ இரண்டு கேஸ்களின் கலவை, திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். பைப் நீளம் நேம்பிளேட் அளவைத் தாண்டினால் கூடுதல் மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கையேடு சொல்லும்.

இதை எல்லாம் சொல்வதன் காரணம் தொழில்நுட்பப் பெருமை இல்லை. தொடக்கத்தில் விளம்பரத்துக்குக் காசு இல்லாத ஆளுக்கு மைக்ரான் கேஜ்தான் விளம்பரம். திரையில் 380 என்று காட்டும் போட்டோவை பில்லோடு அனுப்புங்கள். 450-க்காரர் அனுப்ப முடியாது.

#9 ரிச்சி_தெரு

சரி, கேஜ் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், போட்டோ யோசனை நல்லது. ஆனால் பி.சி.பி.யை விடமாட்டேன். இப்போது விற்பதில் பெரும்பாலும் இன்வெர்ட்டர். போர்டு போனால் கம்பெனி விலையைக் கேட்டு வாடிக்கையாளர் மயங்கி விழுவார், அங்கேதான் வேலை இருக்கிறது.

பயிற்சியைத் தேர்வு செய்யும்போது பாடத்திட்டத்தைப் பார்க்காதீர்கள், பெஞ்சைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு சால்டரிங் ஸ்டேஷன் உண்டா, பழுதான போர்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்துவரச் சொல்வார்களா, ஓடும் மெஷினில் மாட்டிச் சோதிக்க விடுவார்களா. இந்த மூன்றும் இல்லாத மூன்று நாள் வகுப்பும் சான்றிதழும் சுவரில் மாட்ட மட்டும் உதவும்.

ஆரம்பத்தில் போர்டில் கம்ப்ரஸரை ஓட்டும் ஐ.பி.எம். சிப்பை மாற்றும் வேலைக்குப் போக வேண்டாம். முதல் ஆறு மாதம் எது பழுது என்று சரியாகச் சொல்லக் கற்றாலே போதும். தெர்மிஸ்டரை (வெப்பநிலை சென்சார்) கழற்றி அளந்து பாருங்கள், நிறைய மாடலில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம், சிலதில் 5 அல்லது 20. கம்ப்ரஸரின் யு, வி, டபிள்யூ முனைகள் மூன்றுக்கும் நடுவே ஓம் சமமாக இருக்க வேண்டும், பாடிக்குக் காட்டக் கூடாது. போர்டின் டி.சி. பஸ் வோல்டேஜ் 230 வோல்ட் உள்ளீட்டில் சுமார் 325, பி.எஃப்.சி. (பவர் ஃபேக்டரைத் திருத்தும் சுற்று) ஓடும்போது இன்னும் மேலே. கரன்ட்டை அணைத்த பிறகும் கேபாசிட்டரில் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வீரர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்யாமல் 100 வாட் குண்டு பல்பை வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

தெர்மிஸ்டர் பழுதுக்கு போர்டையே மாற்றுவது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். அதைச் செய்யாத ஆள் என்று பெயர் வந்தால் அடுத்த டெக்னீஷியன்களே உங்களுக்கு போர்டு அனுப்புவார்கள்.

பார்ட்ஸ் எங்கே வாங்கினாலும் பழைய போர்டில் கழற்றிய ஐ.சி.யைத் துடைத்துப் புதிதாக விற்பது உண்டு. கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருக்கிறதா, மேல் எழுத்து நகத்தில் சுரண்டினால் வருகிறதா என்று பாருங்கள்.

#10 பி_பிளாக்_செயலாளர்

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. வேளச்சேரியில் அடுக்குமாடி சங்கத்துக்கு ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) கோட்டேஷன் வரும். பத்தில் எட்டு "ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு, நல்ல முறையில் செய்து தரப்படும்" என்று ஒரு வரி. அதை வைத்து கமிட்டியில் எதை ஒப்பிடுவது?

எங்களுக்கு வேண்டியது: வருடத்தில் எத்தனை சர்வீஸ், எந்தெந்த மாதம். ஒரு சர்வீஸில் என்னென்ன செய்யப்படும். எது சேராது. புகார் கொடுத்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஜாப் கார்டு கிடைக்குமா. ஆசிட் போட்டு காயிலின் மெல்லிய தகடுகளைக் கரைத்துவிட்டு "காயில் பழசு சார்" என்றால் பொறுப்பு யார். இதை எழுதிக் கொடுக்கும் ஆளுக்கு 100 ரூபாய் கூடப் போட்டும் கொடுக்கலாம், கமிட்டியில் பதில் சொல்ல வசதி.

#11 கணக்குப்பிள்ளை

செயலாளர் சார் சொன்னதோடு சேர்த்து: தம்பி, முதல் வருடம் கூலி மட்டும் சேர்ந்த ஏ.எம்.சி. எடுங்கள். பார்ட்ஸும் சேர்த்த ஏ.எம்.சி. எடுத்தால் நீங்கள் மெக்கானிக் மட்டும் இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஆகிவிடுகிறீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காற்றில் அவுட்டோர் காயில் அரிக்கும். அப்படி நாற்பது யூனிட் எடுத்து, அதில் இரண்டு காயில், ஒரு கம்ப்ரஸர் போனால் வருட லாபம் முழுக்க அதோடு சரி.

காகித வேலைகள்:

உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில் பதிவு. ஆதாரும் பானும் போதும், அரசுத் தளத்தில் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எல்லாம் இடைத்தரகர். 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. கம்பெனிகளுக்கு இன்னொரு பிடி, இந்த கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். அடுக்குமாடி சங்கத்துக்கு அந்த வரிப் பயம் பெரும்பாலும் இருக்காது. எனவே சங்கத்திடம் பாதி முன்பணம், மீதி இரண்டாம் சர்வீஸின்போது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பில்லில் உத்யம் எண் இருக்கட்டும்.

ஜி.எஸ்.டி. பதிவு: சேவை, பொருள் கலந்த தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவரை கட்டாயமில்லை. வீட்டு வாடிக்கையாளர்களே அதிகம் என்றால் முன்கூட்டிப் பதிவு செய்வதால் உங்கள் பில் 18 சதவீதம் ஏறும், அவர்களுக்கு அதில் பலன் இல்லை. ஐ.டி. கம்பெனி, கிளினிக் மாதிரி இடங்கள் வந்தால் அப்போது பார்க்கலாம்.

வருமான வரி. உத்தேச வரிமுறையில் ரொக்க வரவில் 8 சதவீதம், வங்கி, யு.பி.ஐ. வழி வந்ததில் 6 சதவீதம் குறைந்தபட்ச லாபமாகக் காட்டலாம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 9 லட்சம் வரவு வந்து 54,000 லாபம் என்று காட்டினால், நாளைக்கு வண்டிக் கடன் கேட்கும்போது வங்கி அந்த 54,000-ஐத்தான் பார்க்கும். புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வருமானம் வரை தள்ளுபடியால் வரி பூஜ்யம். உண்மையில் 4 லட்சம் நின்றால் 4 லட்சம் என்றே காட்டுங்கள், ஒரு பைசா கூடக் கட்ட வேண்டியதில்லை, மூன்று வருட ரிட்டர்ன் உங்கள் சொத்து. 2026 ஏப்ரலில் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, உத்தேச வரிமுறையின் பழைய பிரிவான 44ஏடி என்று தேடிக் குழம்ப வேண்டாம்.

இரண்டு வங்கிக் கணக்கு. வரும் காசு எல்லாம் தொழில் கணக்கில். அங்கிருந்து மாதம் 1-ஆம் தேதி 30,000 வீட்டுக் கணக்குக்குச் சம்பளம். மே மாதம் 90,000 வந்தாலும் 30,000-தான்.

#12 மேடவாக்கம்_மெக்கானிக்

//மே மாதம் 90,000 வந்தாலும் 30,000-தான்//

இது வீட்டில் கொஞ்சம் கஷ்டம் சார் :) மீதி எங்கே போகும்?

#13 கணக்குப்பிள்ளை

அக்டோபர், நவம்பர், டிசம்பருக்குப் போகும். வடகிழக்குப் பருவமழையில் ஏ.சி. போடுபவர் யார்? அந்த மூன்று மாதச் சம்பளம் 90,000-ஐ மார்ச் முதல் ஜூன் வரையிலான வரவிலிருந்து எடுத்து வைத்துவிட்டால் அப்போது கைமாற்று வாங்கும் நிலை வராது. அதற்கும் மேல் நின்றால் பாதி டூல்ஸ், பயிற்சிக் கணக்கு, பாதி பி.பி.எஃப். போன்ற கை வைக்க முடியாத இடம். வீட்டிலும் அந்தத் தாளைக் காட்டுங்கள், வீட்டுக்காரம்மா உங்களைவிடக் கறாராக நடத்துவார்.

#14 காப்பர்_பைப்

தொடங்கும் மாதமும் முக்கியம். அக்னி நட்சத்திரத்தில் வேலையை விட்டுவிட்டு இறங்கினால் காசு கொட்டும், ஆனால் எல்லாம் தெரியாத எண்ணிலிருந்து வரும் அவசர அழைப்பு, ஜாப் கார்டு எழுத நேரம் இருக்காது, மழை வந்ததும் ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். நவம்பரில் பயிற்சி, ஜனவரியில் டூல்ஸ், பொங்கல் முடிந்து சீசனுக்கு முந்தைய சர்வீஸ். பிப்ரவரியில் சர்வீஸ் செய்த வீடுதான் மே மாதம் ரிப்பேருக்கும் கூப்பிடும்.

#15 ஏணி

பட்டியலில் ஹார்னஸ் கடைசியில் இருக்கிறது, அதை முதலில் வாங்குங்கள். தனியாகத் தொழில் செய்பவருக்குக் கால் உடைந்தால் கடையும் மூடல். நான்காவது மாடியில் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் அவுட்டோர் பிராக்கெட், கடலோர ஏரியாவில் ஆங்கர் போல்ட் தலை மட்டும் நன்றாக இருந்து உள்ளே துரு தின்றிருக்கும். அதில் கால் வைக்கக் கூடாது, ஹார்னஸ் கயிற்றையும் அதில் கட்டக் கூடாது. அறைக்குள் தூண், பீம் மாதிரி அசையாத ஒன்றில் கட்டுங்கள். ஜன்னல் கிரில் சரிப்படாது. பாதுகாப்பாகச் செய்ய முடியாத இடம் என்றால் ரோப் ஆள் கூலியைத் தனியாகப் போட்டு கோட் செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பம்ப் டவுன் (கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பது) செய்யும்போது அவுட்டோர் வால்வு திறந்திருந்து, பைப் கழன்றோ லீக்காகவோ இருந்தால் கம்ப்ரஸர் காற்றை இழுக்கும். ஆயிலும் காற்றும் அழுத்தத்தில் சேர்ந்து டீசல் இன்ஜின் மாதிரி பற்றி வெடிக்கும். கேஜ் மாட்டாமல் பம்ப் டவுன் செய்யாதீர்கள், நேரம் ஆகிறதென்று கம்ப்ரஸரை ஓடவிட்டபடி நட்டைக் கழற்றாதீர்கள். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை, ஆர்-290 என்பது புரோப்பேன்தான். பைப்பை ஒட்டும் பிரேஸிங்குக்குப் பற்றவைக்கும் முன் கேஸை முழுக்க வெளியேற்றி நைட்ரஜன் ஓட விடுங்கள்.

வங்கிக் கணக்கில் பி.எம். சுரக்ஷா பீமா வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, 50 வயதுக்குள் சேர்பவருக்கு ஜீவன் ஜோதி 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு. இவை போதாது, ஆனால் ஃபார்ம் நிரப்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. தனியாக டெர்ம் பாலிசியும் பாருங்கள். ஏணி ஏறும் வேலை என்று புரோபோசலில் எழுதுங்கள், மறைத்தால் க்ளெய்மில் சிக்கும்.

#16 மேடவாக்கம்_மெக்கானிக்

எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்கு சர்வீஸ் ஆள் அனுப்பும் ஆப்களில் சேர்ந்தால் முதல் மாதமே வேலை வரும் என்கிறார்களே, அது?

#17 ஓ.எம்.ஆர்_ரூட்

விளம்பரச் செலவாக நினைத்து எடுங்கள். கமிஷன், அவர்களே விற்கும் கிட், அபராதம் எல்லாம் கழித்து ஒரு பில் மணிக்குக் கையில் எவ்வளவு நிற்கிறது என்று முதல் 20 வேலைக்கு எழுதிப் பாருங்கள். 345-க்கு மேல் நின்றால் காலி நேரத்தை நிரப்ப வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே என்றால் வேலை அதிகமாக அதிகமாக நஷ்டம் அதிகம். வாடிக்கையாளர் பட்டியல் அவர்களுடையது என்பதை மறக்க வேண்டாம். ஒப்பந்தத்தை மீறி நம்பர் வாங்கி வெளியே வேலை எடுப்பது ஆப்பில் உங்கள் கணக்கை முடக்குவதில் முடியும். மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால், ஆப்போ சங்கமோ எதுவானாலும், அடுத்த வாடிக்கையாளரைத் தேடும் வேலையை அன்றே தொடங்க வேண்டும்.

#18 வேக்குவம்_500

செயலாளர் சார் கேட்ட ஜாப் கார்டில் என்ன எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை. மாடல், சீரியல் எண், அன்றைய வெளி வெப்பநிலை, இன்டோரில் உள்ளே போகும் காற்று, வெளிவரும் காற்று இரண்டின் வெப்பநிலை, ஆம்பியர், வோல்டேஜ். கேஸ் ஏற்றினால் எத்தனை கிராம், லீக் எங்கே இருந்தது. "கேஸ் குறைஞ்சிருச்சு, டாப் அப் பண்ணிட்டேன்" என்று மட்டும் எழுதாதீர்கள், மூடிய சுற்றில் கேஸ் தானாகக் குறையாது.

கடைசியில் ஒரு கட்டம்: 30 நாளுக்குள் திரும்ப அழைத்தார்களா, ஏன். மூன்று மாதம் கழித்து அந்தக் காரணங்களை எண்ணினால் அடுத்து எதைக் கற்க வேண்டும் என்று தெரியும். டிரெயின் தண்ணீர் சொட்டுவதே அதிகம் என்றால் பி.சி.பி. வகுப்புக்கு முன்னால் பைப்புக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு கொடுக்கும் பழக்கம் வேண்டும், அதற்கு ஃபீஸ் கிடையாது. கணக்கு, கோட்டேஷன் எழுதுவது, சந்தைப்படுத்தல் இவற்றுக்குக் கிண்டியில் அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது, பயிற்சி அறிவிப்புகளைப் பார்த்து வையுங்கள்.

#19 மேடவாக்கம்_மெக்கானிக்

ஒரே ஒரு சந்தேகம் அண்ணே. வண்டி வேண்டாம் என்று முடிவு. நைட்ரஜன் சிலிண்டரை பைக்கில் எப்படிக் கொண்டுபோவது? பெரிய சிலிண்டர் 50 கிலோவுக்கு மேல் வருமே.

#20 வேக்குவம்_500

10 லிட்டர் சிலிண்டர் கேளுங்கள். 150 பார் நிரப்பினால் 1.5 கனமீட்டர். புது இன்ஸ்டாலேஷனில் பைப்பும் இன்டோர் காயிலும் சேர்ந்து உள் கொள்ளளவு 2 லிட்டர் என்று வைத்தால், 400 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது 28 பாருக்கு, ஏறக்குறைய 56 லிட்டர் கேஸ் போகும். சிலிண்டர் 30 பாருக்கு இறங்கும்வரை கணக்குப்படி 21 வேலை. பிரேஸிங்குக்கு ஓடவிடுவது, ஹோஸில் வீணாவது போக 12 முதல் 15 என்று நம்பலாம். ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு இரும்பு மூடி போட்டு, காலிடுக்கில் வைக்காமல் பின்னால் கேரியரில் நிமிர்த்தி இரண்டு இடத்தில் ராட்செட் பெல்ட். மூடி இல்லாமல் கீழே விழுந்து வால்வு உடைந்தால் சிலிண்டர் ராக்கெட்தான். நிரப்பும் கடையில் சிலிண்டர் தோளில் பொறித்த ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தச் சோதனை) தேதியைப் பார்த்து வாங்குங்கள், கெடு தாண்டியதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.